கறுப்பு வண்டியில் சிலந்தி வலைக் கீறல்கள்: முதல்முறை பாலிஷ் போடப் போகிறேன், வழி சொல்லுங்கள்

#1 கறுப்புசெடான்

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதத்துக்கு முன்பு, ஆறு வருடம் ஓடிய ஒரு கறுப்பு செடான் வாங்கினேன். பார்க்கப் போன அன்று மேகமூட்டம். வண்டியையும் அப்போதுதான் கழுவி நிறுத்தியிருந்தார்கள். முகம் பார்க்கலாம் போல இருந்தது. மறுநாள் வெயிலில் நிறுத்தியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. போனட்டில் சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆயிரக்கணக்கில் மெல்லிய கோடுகள். நான் ஓரடி தள்ளி நின்றால் அந்த வட்டமும் ஓரடி தள்ளி வருகிறது!

அது போதாதென்று வலது பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குச் சாவியால் இழுத்த மாதிரி ஒரு கோடு. டிக்கி விளிம்பில் பெட்டி ஏற்றி இறக்கிய தடங்கள்.

வீடியோக்கள் பார்த்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். ஒருவர் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷ் மெஷின் வாங்கு என்கிறார், ஒருவர் ரோட்டரி இல்லாமல் வேலை நடக்காது என்கிறார், இன்னொருவர் டூத்பேஸ்ட்டைப் பிதுக்கித் தேய்க்கிறார். நான் பாலிஷ் மெஷினைக் கையில் பிடித்ததே இல்லை. இதை நானே செய்யலாமா? இருக்கிற பெயிண்டையும் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

#2 ஏழாம்கியர்

டூத்பேஸ்ட் ஆளை விட்டுவிடுங்கள். அவர் வண்டிக்குச் சொத்தை விழாது, அவ்வளவுதான்.

#3 மெழுகுத்துணி

தாராளமாக நீங்களே செய்யலாம். மெஷின் பேச்சு அப்புறம். முதலில் வண்டியில் இருப்பது என்ன மாதிரிக் கீறல் என்று பாருங்கள்.

கார் பெயிண்ட் ஒரே பூச்சு கிடையாது. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நீங்கள் கை வைக்கப் போகும் பூச்சு முடியைவிட மெல்லியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ் கீறலை அடைக்காது. கீறலுக்கு இரண்டு பக்கமும் உள்ள மேட்டைச் சீவி, பள்ளத்தின் அடிக்கு இறக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் குறையும். மென்மையான பாலிஷ் என்றால் ஒரு மைக்ரானுக்கும் கீழே. முரட்டுக் காம்பவுண்டும் (அதிகம் அரைக்கும் பசை) கட்டிங் பேடும் (மெஷினில் மாட்டும் முரட்டு வட்டு) சேர்ந்தால் இரண்டு மூன்று மைக்ரான் போகலாம். போனது போனதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. ரொம்ப மெலிந்துவிட்டால் சில வருடத்தில் வெளுத்து, பொருக்குப் பொருக்காக உரியும். அப்படி உரிந்ததற்குப் பாலிஷில் வைத்தியம் இல்லை.

சரி, சோதனைக்கு வருவோம். கழுவிய வண்டியில், நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் போனால் பாலிஷுக்கு அடங்கும். தடுக்கினால் அதை முழுசாக எடுக்க நினைக்க வேண்டாம். அடுத்து, கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியர் கோட்டுக்குள் நிற்கிறது. ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. உலோகம் மின்னினால் துரு பிடிப்பதற்குள் டச்-அப் பெயிண்ட் வைத்தாக வேண்டும்.

பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

#4 நிழல்தேடி

வட்டம் கூடவே நகர்கிறது என்றீர்களே, உண்மையில் அங்கே வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் குட்டிக் கோடுகள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடக்கும் கோடு மட்டும் ஒளியை நம் கண் பக்கம் திருப்புகிறது, மற்றவை மறைந்துகொள்கின்றன. மின்னுகிற அந்தச் சிலவற்றைக் கண் சேர்த்து வட்டமாக்கிக்கொள்கிறது. பழைய எவர்சில்வர் தட்டை ஒற்றை விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பிப் பாருங்கள், இதே வித்தைதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'வட்டமாகத் துடைத்தால்தான் ஸ்வர்ல் (இந்த வலைக் கீறல்) வரும், நேராகத் துடைத்தால் வராது' என்று நம்புகிறவர்கள் நிறைய. மணல் இருந்தால் எப்படித் துடைத்தாலும் கீறும். நேராகத் துடைத்தால் அந்தக் கீறல் ஒரு கோணத்தில் மட்டும் கண்ணில் படும், ஆதாயம் அவ்வளவுதான்.

கறுப்பு வண்டிக்காரர்கள்தான் இதில் பாவப்பட்டவர்கள். வெள்ளையிலும் இதே அளவு கீறல் இருக்கும். சுற்றிலும் வெளிச்சமாக இருப்பதால் யாருக்கும் தெரியாது.

#5 பட்டறைத்தம்பி

பட்டறையில் பெயிண்ட் வேலை பார்க்கிறவன் நான். டி.ஏ. வைத்து நாள் முழுக்க உருட்டுவதை ரோட்டரியில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போவோம். கை பழகிவிட்டால் ரோட்டரிக்கு ஈடு கிடையாது. வீடியோ பார்த்து வளர்ந்தவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

#6 மெழுகுத்துணி

மேற்கோள்: "கை பழகிவிட்டால்"

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. அவருக்குக் கை பழகவில்லை, பழகுவதற்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான்.

புதியவர்களுக்காக: ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் நிற்காமல் சுழலும். ஓர் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் சூடு ஏறும். விளிம்பில் நின்றால் பெயிண்ட் போயே போய்விடும். டி.ஏ.வில் பேட் சுழன்றுகொண்டே அலையும். அழுத்தம் கூடினால் சுழல்வது தானாக நின்று, வெறுமனே அதிரும். தவறு செய்தால் மெஷின் முரண்டு பிடிக்குமே தவிர பெரும்பாலும் பெயிண்டைத் தின்னாது. இந்த ஒரு குணத்துக்காகவே முதல் மெஷின் டி.ஏ.வாக இருக்கட்டும். (கட்டாயச் சுழற்சி வகை என்று ஒன்று உண்டு, அது நிற்காது. முதலில் அது வேண்டாம்.)

ரோட்டரியைச் சரியாக ஓட்டாவிட்டால் வரும் ஹோலோகிராமையும் சொல்ல வேண்டும். நிழலில் பளபளப்பு அள்ளும், வெயிலில் நிறுத்தினால் துடைப்பத்தால் பெருக்கிய மாதிரி வரி வரியாக அசையும். பணம் கொடுத்து அதை வாங்கி வந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

#7 பட்டறைத்தம்பி

ஹோலோகிராம் விஷயத்தில் வாய் திறக்க முடியாது. போன மாதம் எங்களிடம் சேர்ந்த பையன், மட்கார்டு விளிம்பில் மூச்சு விடுவதற்குள் கறுப்பைத் தாண்டிச் சாம்பலைக் கண்டுபிடித்துவிட்டான். முதல் வண்டிக்கு டி.ஏ. சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

#8 கைவேலை

எல்லோரும் மெஷின் மெஷின் என்கிறீர்களே, கையால் போட முடியாதா? கார் பாலிஷ் விற்கும் மெக்வயர்ஸ் 1901-ல் ஆரம்பித்ததே மரச்சாமான் பாலிஷ் கம்பெனியாக. அன்றைக்கு யாரிடம் டி.ஏ. இருந்தது? என் வண்டியின் கதவுக் கைப்பிடிக் குழியில் இருந்த நகக் கீறல்களை ஒரு சின்ன நுரைப் பேடும் பாலிஷும் வைத்துக் கையாலேயே எடுத்தேன். இருபது நிமிஷம், கால்வாசி வியர்வை.

#9 மெழுகுத்துணி

கைப்பிடிக் குழிக்குக் கைதான் சரி, அங்கே மெஷின் நுழையாது. ஆனால் போனட் முழுக்கக் கையால் போட்டுப் பாருங்கள், முக்கால்வாசி வியர்வையையும் அங்கே விடுவீர்கள். கை அழுத்தம் ஒரே சீராக இருக்காது, விரல் பட்ட இடம் மட்டும் தேயும். சின்ன இடத்துக்குக் கை, பெரிய இடத்துக்கு மெஷின்.

#10 கறுப்புசெடான்

சோதனை முடிந்தது. போனட், கூரை, டிக்கி மூடி, கதவுகள் எல்லாவற்றிலும் வலைக் கீறல், எங்கேயும் நகம் தடுக்கவில்லை. தண்ணீர் விட்டால் மறைகிறது. டிக்கி விளிம்புத் தடங்களில் பாதி மறைகிறது. பின்கதவுக் கோட்டில் இரண்டு முனையிலும் நகம் வழுக்கிப் போகிறது, நடுவில் நாலு விரல் அளவுக்கு டக்கென்று தடுக்குகிறது. ஆனால் வெள்ளையாகத் தெரியவில்லை.

மெஷின் சொல்லிவிட்டேன். 15 மி.மீ. த்ரோ (பேட் அலையும் அகலம்), 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு). அது வருவதற்குள் என்ன செய்து வைக்க வேண்டும்?

#11 மெழுகுத்துணி

சரியான மெஷின்தான். அது வரும்வரை கழுவிப் பழகுங்கள். சிரிக்காதீர்கள், உங்கள் கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் வந்தவைதான்.

இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் நீரைப் பீய்ச்சி மணலை இறக்குங்கள், துணி படாமல் எவ்வளவு போகுமோ அவ்வளவும் போகட்டும். அப்புறம் மைக்ரோஃபைபர் கையுறையில் ஷாம்பு எடுத்து, கூரையிலிருந்து கீழே வாருங்கள். ஒரு பேனல் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குள் விட வேண்டும். கடைசியில் அந்த அலசல் பக்கெட்டின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் நெறுநெறுவென்று ஒட்டும் அத்தனையும், ஒரே பக்கெட் வைத்திருந்தால் திரும்பத் திரும்ப வண்டியில் ஏறியிருக்கும்.

கழுவிக் காய்ந்தபின் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு போனட்டைத் தடவுங்கள். சுத்தமாகத் தெரியும் இடமே சொரசொரக்கும். பிரேக் தூள், தார், மரப்பிசின் எல்லாம் ஒட்டியிருக்கிறது. இரும்புத் துகளுக்கு ஒரு ஸ்ப்ரே உண்டு. அடித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும், நாற்றம் சகிக்காது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய விடாமல் அலசிவிடுங்கள். அதன்பிறகு கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி), நிறைய வழுவழுப்பு நீரோடு. அழுத்தாமல் சறுக்க விடுங்கள். கிளே கை தவறித் தரையில் விழுந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். ஒரு மணல் ஒட்டினாலும் அது கிளே இல்லை, உப்புத்தாள்.

கிளே போட்டதும் லேசாக மங்கல் தெரியலாம். பயப்பட வேண்டாம், அதற்குத்தானே அடுத்து பாலிஷ்.

#12 வெள்ளைஹேட்ச்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வெள்ளை வண்டியின் பம்பர் முனையில் சிவப்பாக ஒரு தீற்றல். பார்க்கிங்கில் எவரோ உரசிவிட்டுப் போய்விட்டார். பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டுமா?

#13 பட்டறைத்தம்பி

அவசரப்படாதீர்கள் பாஸ். பாதிக்கு மேல் அது அவருடைய பெயிண்ட் உங்கள் பம்பரில் ஒட்டியிருப்பதுதான். முதலில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி, போகாவிட்டால் தார் ரிமூவர், அதிலும் போகாவிட்டால் கையால் கொஞ்சம் காம்பவுண்ட். தின்னரைத் தொடாதீர்கள், உங்கள் பெயிண்டும் சேர்ந்து வரும். சிவப்பு போனபின் அடியில் என்ன மிச்சம் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, பம்பர் பிளாஸ்டிக். தகடு மாதிரி சூட்டைப் பரப்பாது. மெஷின் வைத்தால் சீக்கிரம் சுட்டுவிடும்.

#14 வெள்ளைஹேட்ச்

ஆல்கஹாலிலேயே முக்கால்வாசி போய்விட்டது! ரெண்டு மெல்லிய கோடுதான் மிச்சம். நன்றி தம்பி.

#15 கறுப்புசெடான்

மெஷின் வந்தது. இன்று காலை நிழலில் நிறுத்தி, போனட்டில் சின்னச் சதுரம் ஒன்றை டேப் ஒட்டிப் பிரித்து ஆரம்பித்தேன். நீங்கள் இங்கே பலமுறை எழுதியிருப்பது போல மென்மையானதில் தொடங்கினேன், ஃபினிஷிங் பேடும் பாலிஷும். ஒன்றும் மாறவில்லை. பாலிஷிங் பேடுக்கும் காம்பவுண்டுக்கும் போனேன். வெள்ளைத் தூள் பறந்தது, இரண்டு நிமிஷத்தில் காம்பவுண்ட் காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய வலை அப்படியே. மனசு விட்டுப்போச்சு. பெயிண்ட் ரொம்பக் கடினமோ?

#16 மெழுகுத்துணி

பெயிண்டைக் குற்றம் சொல்வதற்கு முன் நாலு கேள்வி. மெஷினை நகர்த்திய வேகம் என்ன? சதுரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை செகண்ட்? பேட் சுழன்றதா, அதிர்ந்ததா? புது பேடில் எவ்வளவு காம்பவுண்ட் வைத்தீர்கள்?

#17 கறுப்புசெடான்

அரை மீட்டர் சதுரம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று செகண்ட் இருக்கும் அண்ணா. பேட் சுழன்றதா என்று கவனிக்கவில்லை. நாலைந்து பெரிய சொட்டு வைத்தேன். கீறல் போகவில்லை என்று நன்றாக அழுத்தினேன்.

#18 மெழுகுத்துணி

கிடைத்துவிட்டது.

பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது கோடு சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நடுங்கினால் நீங்கள் அழுத்துவது அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. மெஷின் எடையோடு ஒரு கையின் எடை போதும். அழுத்தி அழுத்திச் சுழற்சியை நிறுத்திவிட்டு, பெயிண்ட் கடினம் என்கிறீர்கள்!

அரை மீட்டரைக் கடக்கக் குறைந்தது பதினைந்து இருபது செகண்ட் எடுங்கள். நத்தை மாதிரி இருக்கும், இருக்கட்டும். முதலில் பேட் முகம் முழுவதும் காம்பவுண்டை மெல்லியதாகத் தடவி ஊற விடுங்கள். காய்ந்த நுரை மேல் வேலை செய்தால் தூள்தான் வரும். அதன்பிறகு சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு நாலு சொட்டு போதும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, மெஷினின் வேக எண்ணை 4 அல்லது 5-க்கு ஏற்றி, குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தில் பாதியை மூடுகிற மாதிரி. நாலைந்து சுற்றுக்குப் பின் நிறுத்தித் துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தேய்த்து விடுங்கள். தேய்ந்த கிளியர் கோட்டும் செத்த காம்பவுண்டும் அதில் அடைந்திருக்கும். ஒரே பேடில் முழு வண்டியையும் முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நீங்கள் அஞ்சாறு வாங்கி வையுங்கள்.

#19 நிழல்தேடி

கடினம், மென்மை பற்றி ஒரு வரி. ஜெர்மன் வண்டி கடினம், ஜப்பான் வண்டி மென்மை என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுப் பொய்யும் இல்லை. மெர்சிடிஸ் 2003 வாக்கிலேயே நானோ துகள் கலந்த கீறல் தாங்கும் கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. ஆனாலும் ஒரே கம்பெனியில் நிறத்துக்கு நிறம் மாறும், இடையில் ஒரு பேனலுக்கு மறு பெயிண்ட் அடித்திருந்தால் அதுவும் மாறும். சோதனைச் சதுரம் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

#20 கறுப்புசெடான்

கைகள் இன்னும் நடுங்குகின்றன, ஆனால் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

அண்ணா சொன்னபடி மார்க்கர் கோடு போட்டேன். முதல்முறை அது சுற்றவே இல்லை, நான் மெஷின் மேல் ஏறி உட்காராத குறை. கையைத் தளர்த்தியதும் சட்டென்று சுற்ற ஆரம்பித்தது. சத்தமே மாறிவிட்டது. முன்பு கடகடவென்று இருந்தது, இப்போது ஒரே சீரான உறுமல். மனதுக்குள் பதினெட்டு எண்ணிக்கொண்டே நகர்த்தினேன். பாலிஷிங் பேடும் மென்மையான பாலிஷும் மட்டும்தான், காம்பவுண்டைத் தொடவே இல்லை. காம்பவுண்ட் மாதிரி வெள்ளையாகத் திரளாமல், பாலிஷ் மெல்ல மெல்லக் கண்ணாடி எண்ணெய் போல ஆனது. துடைத்துவிட்டு டேப்பை உரித்தேன்.

டேப்புக்கு இந்தப் பக்கம் பழைய சிலந்தி வலை. அந்தப் பக்கம் டார்ச்சின் ஒவ்வொரு எல்இடி புள்ளியும் தனித்தனியாக, கறுப்புக் கிணற்றுக்குள் கிடக்கிற மாதிரி தெரிகிறது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, மீதியை எப்போது செய்வீர்கள்?" என்றாள்.

#21 மெழுகுத்துணி

அருமை. கொண்டாட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து, பத்துக்கு ஒன்றோ இரண்டோ பங்கு, அந்தச் சதுரத்தைத் துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் சின்னக் கீறல்களை மூடி மறைத்திருக்கும். எண்ணெய் போனபின் தெரிவதுதான் உண்மை. கிளேஸ் (கீறலை மறைக்கும் எண்ணெய்ப் பூச்சு) தடவி விற்கும் வண்டிகள் இரண்டு மூன்று கழுவலில் பல்லிளிப்பது இதனால்தான். நீங்கள் வாங்கிய அன்று வண்டி பளபளத்தது மேகமூட்டத்தால் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

#22 கறுப்புசெடான்

துடைத்தேன். மெல்லிய கோடுகள் கொஞ்சம் திரும்பி வந்தன. இரண்டாவது முறை போட்டேன், நூற்றுக்கு எண்பது போய்விட்டது. ஆழமான ஒற்றைக் கோடுகள் அங்கங்கே நிற்கின்றன. காம்பவுண்ட் போட்டு அதையும் எடுத்துவிடவா?

#23 பட்டறைத்தம்பி

இருங்கள். அந்த எண்பதோடு மீதி வண்டியை ஆரம்பிக்கும் முன், எங்கேயாவது ஒரு தடிமன் மீட்டர் இரவல் வாங்குங்கள். இரும்புத் தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் படிக்கும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் படிக்காது, அங்கே பொத்தாம்பொதுவாக எச்சரிக்கையாக இருங்கள். பழைய வண்டியில் முந்தைய ஓனர் என்ன கூத்தடித்தார் என்று யாருக்குத் தெரியும்?

#24 கறுப்புசெடான்

நண்பர் ஒருவரிடம் மீட்டர் கிடைத்தது. மைக்ரானில் எழுதுகிறேன்.

கூரை 116 முதல் 121. போனட் 110 முதல் 118. டிக்கி 114. இடது கதவுகள் 108, 112. வலது முன் மட்கார்டு 245! வலது பின்கதவு பொதுவாக 106. ஆனால் அந்தச் சாவிக் கோட்டைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும் 84, 87, ஓரிடத்தில் 82.

#25 பட்டறைத்தம்பி

மட்கார்டு மறு பெயிண்ட், சந்தேகமே வேண்டாம். ஆயிரத்தைத் தொட்டிருந்தால் அடியில் பட்டி (பள்ளம் அடைக்கும் பசை) வைத்திருப்பார்கள் என்று சொல்வேன். 245 என்றால் தகட்டைத் தட்டாமல் மேலே மட்டும் அடித்திருக்கிறார்கள். அங்கே பூச்சு தடிமனாக இருக்கிறது என்று ஆசைப்பட்டு இழுத்துத் தேய்க்காதீர்கள், பட்டறைக் கிளியர் மென்மையாகவும் இருக்கும்.

கதவுதான் விஷயம். உங்களுக்கு முன்பே எவனோ அந்தக் கோட்டை எடுக்கப் பார்த்திருக்கிறான்.

#26 மெழுகுத்துணி

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. சுற்றிலும் 106, கோட்டருகே 82 என்றால் 24 மைக்ரான் காணோம். மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமன், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. ஆனால் பாலிஷ் மேலிருந்துதானே தின்னும்? போன 24-ம் கிளியர் கோட்தான். முதலில் 40 இருந்திருந்தால் இப்போது 16 மிச்சம். நகம் தடுக்கும் கோட்டின் அடி அதற்கும் கீழே இருக்கலாம்.

போனட்டில் நிற்கும் ஒற்றைக் கோடுகளையும் இதே கணக்கில் பாருங்கள். காம்பவுண்ட் போட்டால் போகும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இந்த வண்டியை இன்னும் எட்டு வருடம் வைத்திருந்தால் ரெண்டு மூன்று தடவையாவது மறுபடி பாலிஷ் போடத் தோன்றும். அதற்கும் பூச்சு வேண்டும். கீறல் எவ்வளவு ஆழம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள், அடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பவர்கள் குறைவு. நானாக இருந்தால் எண்பதில் நிறுத்துவேன்.

#27 கைவேலை

அப்போ அந்தக் கதவுக் கோட்டை என்னதான் செய்வது? தினமும் கண்ணில் குத்துமே.

#28 பட்டறைத்தம்பி

இரண்டு முனையிலும் மென்மையான பாலிஷ், கையால், லேசாக. கோட்டின் ஓரங்கள் மழுங்கினாலே வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவது குறையும். நடுவில் தடுக்கும் நாலு விரல் இடத்துக்கு டச்-அப். கதவுத் தூணிலோ போனட்டுக்கு உள்ளேயோ உள்ள ஸ்டிக்கரில் பெயிண்டின் நிற எண் இருக்கும், அதைக் கொடுத்து வாங்குங்கள். ஆல்கஹாலில் துடைத்து, மூடியில் வரும் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, பல் குத்தும் குச்சி முனையில் தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் இறக்குங்கள். ஒரே தடவையில் ரொப்பாதீர்கள், சுருங்கும். மெல்லியதாக ஒன்று, காய்ந்தபின் இன்னொன்று, கடைசியில் கிளியர். கறுப்பில் இது நன்றாகவே மறையும். சில்வர் மெட்டாலிக்காக இருந்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

உப்புத்தாள் வைத்துச் சமன் செய்வதைப் பற்றி வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 82-ல் உப்புத்தாளா? கிட்டேயே கொண்டு போகாதீர்கள்.

#29 ஏழாம்கியர்

சொத்தைப் பல்லை அடைக்கிற கதைதான். டூத்பேஸ்ட்காரர் கிட்டத்தட்டச் சரியான ரூட்டில்தான் போயிருக்கிறார்.

#30 கறுப்புசெடான்

இரண்டு ஞாயிறு ஆனது. முழு வண்டியும் முடிந்தது. ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், எம்ப்ளம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். கதவின் மடிப்புக் கோடுகள் மேலும் டேப் ஒட்டிவிட்டேன், விளிம்பில் பூச்சு மெல்லியது என்று யாரோ பழைய இழையில் எழுதியிருந்தார்கள். ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு மணி நேரம் ஆனது புத்தி வர. அதற்குள் போனட்டில் அது இழுபட்டு ஒரு புதுக் கோடு போட்டுவிட்டது. அதற்கு மட்டும் இன்னொரு சுற்று.

கதவு நடுவில் குச்சி வேலை. ரெண்டடி தள்ளி நின்றால் தெரியாது. எனக்குத் தெரியும், தொட்டாலும் தெரியும். பரவாயில்லை.

கடைசிக் கேள்வி: மேலே என்ன போடுவது? செராமிக் கோட்டிங் '9எச்' கடினம், இனி கீறவே கீறாது என்கிறார்கள்.

#31 நிழல்தேடி

அந்த 9எச் பென்சில் அளவுகோல். வெவ்வேறு கடினத்தன்மை உள்ள பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனை, அதில் மேல்படி 9எச். வைரத்துக்கு 10, நீலக்கல்லுக்கு 9 என்று தாதுக்களை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோல் வேறு. மணல் ஒரு பென்சில் இல்லையே! செராமிக் போட்டால் அழுக்கு குறைவாக ஒட்டும், கழுவுவது சுலபம், ரசாயனக் கறையைத் தாங்கும். மணலோடு துடைத்தால் அதுவும் கீறும்.

#32 மெழுகுத்துணி

முதல்முறைக்கு ஒரு சாதாரண ஸ்ப்ரே சீலன்ட் (தெளித்துத் துடைக்கும் பாதுகாப்புப் பூச்சு) போதும். சில மாதம் நிற்கும், தப்பாகப் போட்டாலும் துடைத்துவிடலாம். செராமிக்கைத் தப்பாகப் போட்டால் காய்ந்த திட்டை எடுக்க மறுபடி பாலிஷ்தான். மெழுகின் பளபளப்பு பிடித்தால் கார்னௌபா மெழுகு போடுங்கள், எனக்குப் பிடிக்கும், ஆனால் வாரக் கணக்கில்தான் நிற்கும்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள், இழையெல்லாம் அடைந்து தண்ணீரை உறிஞ்சாமல் போகும். ஓரத்தில் தைத்த லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், அதுவும் கீறும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ந்த வண்டியில் காய்ந்த துணியோடு கிட்டேயே போகாதீர்கள். தூசி இருந்தால் இருக்கட்டும், அது கீறாது. அதைத் துடைக்கும் கைதான் கீறும்.

#33 கறுப்புசெடான்

சீலன்ட் போட்டாயிற்று. இன்று காலை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன், உண்மையாகத்தான். போனட்டில் மேகம் போவது தெரிந்தது. அப்போது மச்சான் வந்தார். "அடடா, புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களே! லேசா தூசி படிஞ்சிருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, நான் எழுந்திருப்பதற்குள், சட்டைக் கையை இழுத்துவிட்டுப் போனட்டை நாலு தேய் தேய்த்துவிட்டார்.

#34 ஏழாம்கியர்

மச்சானுக்கு எத்தனை மைக்ரான் மிச்சம்?

#35 மெழுகுத்துணி

கையால் தடவிப் பார்க்காதீர்கள். நன்றாகக் கழுவிவிட்டு, டார்ச் அடித்துப் படம் போடுங்கள்.